காரில் கூடுதல் லைட் போடுவது: சட்டம் எதுவரை விடுகிறது, எது தேவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013 மாடல் ஹேட்ச்பேக், கீழ் வேரியன்ட், ஃபாக் லேம்ப் இல்லாத வண்டி. வாரத்தில் இரண்டு மூன்று முறை ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறி இறங்குகிறீர்கள், இருட்டிய பிறகு மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் ரோட்டின் ஓரமே தெரிவதில்லை. கடைக்காரர் பம்பருக்கு முன்னால் ஒரு கம்பி கார்டு போட்டு அதில் இரண்டு எல்இடி லைட்டும், கூரையில் ஒரு எல்இடி பாரும் (வரிசையாக எல்இடி வைத்த நீளமான லைட்) மாட்டிவிடலாம், எல்லாரும் போடுகிறார்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். ஆனால் உங்கள் நண்பருக்கு வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள் போனதும் அபராதம் விழுந்திருக்கிறது. சட்டப்படி எதைப் போடலாம் என்பது நீங்கள் கேட்டது. படித்துப் பார்த்தால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ரோடு தெரிய என்ன செய்வது? இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல, அதனால் இரண்டையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நான் 24 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன், பெரும்பாலும் மலைக்கு ஓடும் வண்டிகள். வக்கீல் இல்லை. எஃப்.சி.க்கு வண்டி தயார்செய்து பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி நிறுத்தி, அவர்கள் எதைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் சட்டப் புத்தகத்தையே திறந்தேன். ஆகவே கீழே விதியின் வாசகமாக நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். அந்த வாசகத்தை நாளை ஒரு நீதிபதி எப்படிப் படிப்பார் என்பதற்கு என் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் உறுதியானவை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 105-ஆம் விதி, எந்த வண்டிக்கு எத்தனை லைட் என்று சொல்கிறது. காருக்கு இரண்டு அல்லது நான்கு ஹெட்லைட். 106-ஆம் விதிதான் நமக்கு முக்கியம், அது ஹெட்லைட்டுக்கு மட்டும் உரியதல்ல, முன்பக்கம் ஒளி காட்டும் எந்த விளக்குக்கும் பொருந்தும். வண்டிக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. ஒன்று, ஒளி நிரந்தரமாக அந்த அளவுக்குக் கீழே சாய்ந்திருக்க வேண்டும், அல்லது டிரைவர் நினைத்த மாத்திரத்தில் கீழே இறக்கவோ, அதை அணைத்துவிட்டு டிம்முக்கு மாற்றவோ முடிய வேண்டும். 7 வாட்டுக்கு மேற்படாத, மங்கல் கண்ணாடி போட்ட சின்ன பல்புகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. ஐந்தடி நாலங்குலம் உயரமுள்ள ஒருவர் நின்றால் அவர் கண் ஏறக்குறைய அந்த 1.5 மீட்டரில்தான் இருக்கும். எதிரே வருகிற பைக்காரரையும் ரோட்டோரம் நடந்து வருகிறவரையும் மனதில் வைத்து எழுதிய அளவு போலத்தான் எனக்கு அது படுகிறது.

108-ஆம் விதி முன்னால் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்கிறது, பின்னால் சிவப்பைத் தவிர வேறு கூடாது (ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு). 111-ஆம் விதி ஸ்பாட் லைட்டும் சர்ச் லைட்டும் பொருத்தவே கூடாது என்கிறது, தவிர்க்க முடியாத சூழலில் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்றால் மட்டும் விலக்கு. அதில் வருகிற சொல் 'பொருத்துவது'. எரிய விடுவது பற்றி மட்டும் அது பேசவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்இடி பாருக்குக் கறுப்புக் கவர் போட்டுவிட்டால் சட்டப்படி சரி என்ற நம்பிக்கை இங்கே ரொம்பப் பரவியிருக்கிறது. அது அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களின் விதி, அங்கே நெடுஞ்சாலையில் போகும்போது அந்த லைட்டை மூடி வைக்க வேண்டும். வீடியோ பார்த்து நம் ஆட்கள் அதை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். நம் விதியில் கவர் என்று ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்தது மோட்டார் வாகனச் சட்டம் 1988. 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் நடந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதன் நான்காவது உட்பிரிவுப்படி, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றினால், வெளியிலிருந்து உதிரிபாகம் வாங்கிப் பொருத்துவதும் அதில் அடக்கம், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். ரோட்டில் நிறுத்தி எழுதும்போது இதைவிடச் சின்ன பிரிவில் எழுதி அனுப்புவதும் நடக்கிறது, ஆனால் அது எழுதுகிறவர் முடிவு. உங்கள் நண்பருக்கு நடந்தது ஆச்சரியமில்லை. கேரளாவில் இந்த லைட் விஷயத்தில் மோட்டார் வாகனத் துறையும் கண்டிப்பு, அங்குள்ள உயர் நீதிமன்றமும் கண்டிப்பு. வாளையார், குமுளி தாண்டுகிற டூரிஸ்ட் டிரைவர்கள் கலர் லைட்டை எல்லைக்கு முன்பே கழற்றி வைப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கம்பி கார்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பம்பருக்கு முன்னால் மாட்டும் புல் பார், கிராஷ் கார்டு எல்லாம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை, அவற்றின் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அதனால் அந்தக் கம்பியில் லைட் மாட்டினால் லைட்டுக்கு ஒரு கேஸ், கம்பிக்கு ஒரு கேஸ். அதைவிடப் பெரிய ஆபத்து, முன்னால் மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முறையை அந்தக் கம்பி கெடுத்துவிடும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இப்போது சந்தேகமான பகுதி. பம்பருக்குள்ளேயே அடக்கமாக இரண்டு ஃபாக் லேம்ப் போடுவது சட்ட விரோதமா? இதில் இரண்டு வாதம் இருக்கிறது, இரண்டிலும் வலு உண்டு. 52-ஆம் பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்றால் வண்டியின் கட்டமைப்பில் செய்து அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது என்று இருக்கிறது. ஆர்.சி.யில் நிறம், எரிபொருள், இருக்கை, எடை, பாடி வகை இருக்கும், எத்தனை லைட் என்று இருக்காது. அதனால் ஃபாக் லேம்ப் போடுவது இந்தப் பிரிவுக்குள் வராது என்பது ஒரு வாதம். 182ஏ-இன் வாசகம் இதைவிட அகலமானது, உதிரிபாகம் பொருத்துவதையே தனியாகச் சொல்கிறது, அதனால் ஒப்புதல் வாங்காத லைட் எதுவானாலும் மாட்டிக்கொள்ளும் என்பது எதிர் வாதம். இரண்டுக்கும் நடுவில், யாரும் குறை சொல்ல முடியாத ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். உங்கள் காரின் மேல் வேரியன்டில் கம்பெனியே ஃபாக் லேம்ப் போட்டு விற்றிருக்கும். உங்கள் பம்பரில் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும் இருக்கும், கழற்றிப் பாருங்கள். அதே மாடலுக்கான ஒரிஜினல் லேம்ப், பிராக்கெட், ஒயரிங், சுவிட்ச் எல்லாம் செட்டாக டீலரிடமோ கம்பெனி ஸ்பேர்ஸ் கடையிலோ கிடைக்கும். அந்த லேம்ப் அந்த மாடலோடு சேர்ந்து சோதனையில் தேறியது. அதை மாட்டி பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். என் அனுபவத்தில் இப்படி மாட்டிய ஒரு காரைக்கூட யாரும் நிறுத்திக் கேட்டதில்லை, 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கக் காட்டும்போதும் பிரச்சினை வந்ததில்லை. உங்கள் வண்டிக்கு அந்தப் புதுப்பித்தல் 2028-இல் வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஒப்புதல், சோதனை என்று சொன்னேன் அல்லவா, அது வெறும் சீல் சமாச்சாரம் இல்லை. நம் நாட்டில் ஏஐஎஸ்-008 என்று ஒரு தரநிலை இருக்கிறது, காருக்கு எந்த லைட் எங்கே, எந்த உயரத்தில், எப்படி எரிய வேண்டும் என்று அதில் இருக்கும். இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு ஏஐஎஸ்-009. முன் ஃபாக் லேம்ப் என்றால் இரண்டு, வெள்ளை அல்லது மஞ்சள், தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, டிம் லைட்டைவிட மேலே ஏறக் கூடாது, பார்க்கிங் லைட் எரியும்போதுதான் எரிய வேண்டும், டிம் பிரைட்டோடு ஒட்டாமல் தனியாக அணைக்கவும் முடிய வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி, இங்கெல்லாம் வைத்துச் சோதிப்பார்கள். வெளியில் வாங்கும் லைட்டின் கண்ணாடியில் ஒரு வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய ஒப்புதல், எண் 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அது நல்ல பொருள் என்பதற்கு அடையாளம், ஆனால் இந்திய ஒப்புதலுக்குச் சமம் ஆகாது. வட்டத்தை மட்டும் அச்சடித்து விற்கிற சரக்கும் மார்க்கெட்டில் ஏராளம். இணையத்தில் வெளிநாட்டு ஹெட்லைட் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், நம் டிம் லைட்டின் ஒளி இடது ஓரத்தில்தான் கொஞ்சம் மேலே ஏறும். வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த லைட்டில் அது வலது பக்கம் ஏறும், நேராக எதிரே வருகிறவர் முகத்தில் போய் அடிக்கும். எவ்வளவு திருகி அலைன்மென்ட் செய்தாலும் அது சரியாகாது.

சரி, கூரையில் எல்இடி பார். இதைப் போடவே வேண்டாம் என்கிறேன், அதுவும் சட்டத்துக்காக மட்டும் இல்லை. ஒரு ஹேட்ச்பேக்கின் கூரை ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரம். 106-ஆம் விதி எதிராளியின் கண்ணை வைக்கும் அதே உயரம். அங்கிருந்து முன்னால் நேராக ஒளி அடித்தால் அது யாருடைய கண்ணில் விழும் என்று கணக்கே போட வேண்டாம். மூடுபனியில் அது உங்களுக்கே எதிராக வேலை செய்யும். பனி என்பது காற்றில் தொங்குகிற நுண்ணிய நீர்த்துளி, ஒளி பட்டதும் எல்லாத் திசையிலும் சிதறி உங்கள் பக்கமும் திரும்பி வரும். லைட் உங்கள் கண் பார்க்கும் கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு வெள்ளைச் சுவர் எழும்பும். கூரை பார் கண்ணுக்கு மேலே ஏறக்குறைய ஓரடிதான் தள்ளி இருக்கும். ஃபாக் லேம்ப்பைத் தரைக்குப் பக்கத்தில் வைப்பதற்கும், மேல் விளிம்பு தட்டையாக வெட்டின மாதிரி ஒளி வருவதற்கும் காரணம் இதுதான், கண்ணுக்கு முன்னால் இருக்கிற பனியைத் தொடாமல் அடியில் அகலமாகப் போய் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் காட்ட வேண்டும்.

மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்பது பற்றி என்னிடம் கேட்காத ஆளே இல்லை. துளைக்காது. பனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது, அந்த அளவுத் துளி மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் மஞ்சளில் நீலப் பங்கு இல்லாததால் பலருக்குக் கண் கூச்சம் குறைகிறது, நீண்ட நேரம் ஓட்டினால் அலுப்பு குறைவாக இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் அது. பிரான்சில் 1930-களிலிருந்து 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, பிறகு விட்டுவிட்டார்கள். மஞ்சள் போட்டால் உங்களுக்குக் கண்ணுக்கு இதமாக இருந்தால் போடுங்கள், தூரம் கூடத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரொம்ப நீலமாக, 6,000 கெல்வின் என்றெல்லாம் போட்டு விற்கும் லைட் மட்டும் மழைக்கு வேண்டாம். நனைந்த தாரில் அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்றே தெரியாது.

ஃபாக் லேம்ப் வேறு, டிரைவிங் லைட் வேறு என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள், கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். டிரைவிங் லைட் என்பது பிரைட்டுக்குத் துணை, குறுகலாக ரொம்ப தூரம் அடிக்கும், எதிரே வண்டி வந்து நீங்கள் டிம் அடித்த அதே நொடியில் அதுவும் அணைய வேண்டும். விதியில் இரண்டு அல்லது நான்கு ஹெட்லைட் என்று இருப்பதால் இதைப் போடலாம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வாங்கி மாட்டினதை ஸ்பாட் லைட் என்று அதிகாரி எழுதினால் நீங்கள்தான் இல்லை என்று நிரூபிக்க வேண்டிவரும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. வளைவில் உங்கள் ஹெட்லைட் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், வண்டி போக வேண்டிய இடம் பக்கவாட்டில் இருட்டில் கிடக்கும். 300 மீட்டர் அடிக்கும் லைட் அங்கே ஆகாயத்துக்குத்தான் வெளிச்சம் காட்டும். கீழே வளைவில் ஏறி வருகிறவர் அண்ணாந்து பார்க்கிற கோணத்தில் இருப்பார், சரியாக இறக்கி வைத்த டிம்மே அவருக்குக் கூசும், அதில் டிரைவிங் லைட் வேறு சேர்ந்தால் அவர் ரோட்டையே தொலைத்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது பக்கத்தில், அகலமாக, தாழ்வாக விழும் ஒளி. ரோட்டோரம் நிற்கிற காட்டெருமையின் கறுப்புத் தோல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, அதன் வெள்ளைக் கால்தான் முதலில் கண்ணில் படும், அந்தக் காலைக் காட்டுவது ஃபாக் லேம்ப்பின் பக்கவாட்டு ஒளிதான்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே மிச்சமாகலாம். லைட் பத்தவில்லை என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இருக்கிற லைட்டே பாதிதான் எரிந்துகொண்டிருக்கும். 2013 வண்டி என்றால் முதலில் ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்கள். அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல் பூச்சு வெயிலில் போனதும் மஞ்சளாகிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், வெளிச்சம் முன்னால் போகாமல் சிதறும். தண்ணீர் விட்டு 800-இல் தொடங்கி 2,000, 3,000 என்று நைஸ் சாண்ட் பேப்பரில் தேய்த்து பாலிஷ் செய்தால் பளிச்சென்று ஆகும். ஆனால் அதற்கு மேல் புற ஊதாத் தடுப்புப் பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். பற்பசை போட்டுத் தேய்க்கிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அடுத்து வோல்டேஜ். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 போலக் காட்டும். ஹெட்லைட்டை எரியவிட்டு, பல்ப் ஹோல்டரில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் 11.4, 11.6 என்று நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நடுவில் உள்ள சுவிட்ச், கப்ளர், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். 13.8-க்கு 11.4 என்றால் வெளிச்சம் ஏறக்குறைய பாதி. எர்த்தைச் சுத்தம் செய்து, ரிலே (சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் சப்ளை கொடுத்தால் அதே 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 பல்ப் புது வண்டி மாதிரி எரியும். இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, வெளியில் தெரியும் மாற்றமும் இல்லை.

பல்பை மாற்றி 100/90 போடுவதும், எல்இடி பல்ப் போடுவதும் வேறு கதை. 100 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகும். ஒருவர் காரில் வெளியே எங்கோ போட்ட 100 வாட் பல்பால் ஸ்டியரிங் பக்கத்து டிம்-பிரைட் சுவிட்சே உருகி, ஆழியாறு இறக்கத்தில் இரண்டு லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துபோய், பார்க்கிங் லைட்டில் ஊர்ந்து வந்து சேர்ந்தார். எச்4 பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுப்பதால்தான் டிம்முக்கு மேல் விளிம்பு வெட்டிக் கிடைக்கிறது. மலிவான எல்இடி பல்பில் இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருப்பார்கள், ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே விளிம்பு கலைந்து மேலே ஏறிவிடும். உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் பளீரென்று தெரியும், நல்ல லைட் என்று நினைப்பார், அந்தப் பளிச்சு பாதி எதிரே வருகிறவர் கண்ணில் போய்க்கொண்டிருக்கும். ஜெர்மனியில் 2020-இல்தான் முதன்முதலாக ஒரு எல்இடி மாற்று பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் எந்தெந்தக் கார் மாடலில் சோதித்தார்களோ அந்த மாடலுக்கு மட்டும். ஒரே பல்ப் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் அலைன்மென்ட். காசு செலவே இல்லாத வேலை, ஆனால் செய்கிறவர் குறைவு. சமதரையில் சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள், டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். ஹெட்லைட்டின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் கோடு போடுங்கள். டிம் போட்டால் வெட்டு விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதைவிடக் கீழே இருந்தால் உங்களுக்கு ரோடு தெரியாது, கோட்டுக்கு மேலே இருந்தால் எதிராளிக்குத் தெரியாது. ஃபாக் லேம்ப் மாட்டிய பிறகு அதன் நடு உயரத்துக்கு இன்னொரு கோடு போட்டு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விளிம்பு வரும்படி நான் வைப்பேன். முடித்ததும் 106-ஆம் விதி சொல்கிற இடத்தில், 8 மீட்டர் முன்னால், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி நீங்களே போய் நின்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் ஃபாக் லேம்ப் வேண்டும் என்று தோன்றினால், மலைக்கு அது நல்ல முடிவுதான், மாட்டும்போது எலக்ட்ரீசியனிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஹாலஜன் 55 வாட் இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், அதைச் சுவிட்ச் வழியாக நேராக ஓட விடக் கூடாது. ரிலேயின் 30-ஆம் முனை பேட்டரிக்கு, 87 லைட்டுக்கு, 85 எர்த்துக்கு, 86 சுவிட்ச் வழியாகப் பார்க்கிங் லைட் லைனுக்கு. 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அதற்கு அப்பால் வைத்தால் நடுவில் ஒயர் உரசினால் காப்பாற்ற ஆள் இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஸ்லீவ் போட்டு, சைலன்ஸர் பக்கம் போகாமல். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றின ஜாயின்ட் வால்பாறை மழையில் ஒரு சீசன்கூடத் தாங்காது. கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளரோடு வரும் செட் கிடைத்தால் அதுவே மேல். புதிய வண்டிகளில் லைட்டையெல்லாம் ஒரு கன்ட்ரோல் யூனிட்தான் இயக்குகிறது, அங்கே குறுக்கே ஒயர் கடித்தால் யூனிட்டே போகும், வாரண்டியும் போகும். உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை குறைவு.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். வண்டி விலையில் சேராத எலக்ட்ரிக்கல் பொருள்களுக்குத் தனி சேர்க்கை உண்டு, ஐஎம்டி-24 என்று கேட்டால் ஏஜென்ட்டுக்குத் தெரியும், பொருளின் மதிப்பில் நான்கு சதவீதம்தான் பிரீமியம். சொல்லாமல் மாட்டிவிட்டு ஒயரிங்கில் தீப்பிடித்தால், சர்வேயர் முதலில் பார்ப்பது வெளியில் போட்ட ஒயரைத்தான்.

கேள்விக்குக் கீழே ஒருவர் பைக்குக்கும் இதேதானா என்று கேட்டிருந்தார். அடிப்படை விதி அதேதான், ஆனால் பைக்கில் போடும் சின்ன எல்இடி லைட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெட்டு விளிம்பே கிடையாது, டார்ச் மாதிரி உருண்டையாக அடிக்கும். எவ்வளவு கீழே சாய்த்தாலும் கூசும். சில கம்பெனிகள் தங்கள் பைக்குக்கென்றே லைட் விற்கின்றன, போட்டே தீர வேண்டும் என்றால் அதைப் போடுங்கள், ஊருக்குள் வந்ததும் அணையுங்கள். மினுக்கும் லைட், நீலம், சிவப்பு எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு என் வரிசை இதுதான்: கண்ணாடி, வோல்டேஜ், அலைன்மென்ட், அதன் பிறகு மேல் வேரியன்டின் ஒரிஜினல் ஃபாக் லேம்ப். முதல் மூன்றையும் முடித்துவிட்டு ஒரு மழை நாளில் ஏறிப் பாருங்கள். ஹோல்டரில் எத்தனை வோல்ட் வந்தது என்பதை இங்கேயே எழுதுங்கள், ஒயரிங்கில் எந்த இடத்தில் இழக்கிறது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.